லேப்டாப் பிறகு, முதலில் இயங்குதளம்

நிரல் எழுதப் பழகத் தொடங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "எந்த லேப்டாப் வாங்கலாம்?" என்றுதான். பெரும்பாலும் இரண்டு மூன்று மாடல்களின் பெயர்களும் கூடவே வரும். ப்ராசஸர், ரேம், கிராஃபிக்ஸ் கார்டு என்று வரிசையாக எழுதி, இதில் எது நல்லது என்று கேட்டிருப்பார்கள். அந்தப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பு நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன்: நீங்கள் எழுதப்போகும் நிரல் கடைசியில் எங்கே ஓடப்போகிறது? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் இயங்குதளம் ஏறக்குறைய முடிவாகிவிடும். இயங்குதளம் முடிவானால் அந்தப் பட்டியலில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

சில துறைகளில் தேர்வுக்கே இடமில்லை. ஐபோனுக்குச் செயலி எழுத வேண்டுமென்றால் ஆப்பிளின் நிரல் எழுதும் கருவியான எக்ஸ்கோடு வேண்டும். எக்ஸ்கோடு மேக்ஓஎஸ்ஸில் மட்டும்தான் ஓடும். விண்டோஸ் டெஸ்க்டாப் மென்பொருளோ, பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கில் எழுதிய அலுவலக மென்பொருளோ உங்கள் வேலையென்றால் விண்டோஸைத் தவிர்க்க முடியாது. என்விடியா கிராஃபிக்ஸ் கார்டில் செயற்கை நுண்ணறிவு மாடல்களைப் பயிற்றுவிக்கப்போகிறீர்கள் என்றால் மேக் உதவாது. அந்தக் கார்டில் கணக்கிட என்விடியா தரும் குடா மென்பொருளில், 2019இல் வந்த 10.2தான் மேக்ஓஎஸ்ஸை ஆதரித்த கடைசிப் பதிப்பு. ஆண்ட்ராய்டு செயலிகளை விண்டோஸ், மேக்ஓஎஸ், லினக்ஸ் என்ற மூன்று இயங்குதளங்களிலும் எழுதலாம். ஆனால் ஆண்ட்ராய்டையே மூலநிரலிலிருந்து கட்டுவது வேறு கதை. அதற்கு லினக்ஸ் வேண்டும், 64 ஜிபி ரேமும் 400 ஜிபி காலி இடமும் வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. அது மேசைக் கணினிக்கான வேலை, லேப்டாப்பில் முயலவே வேண்டாம்.

இவர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுபவர்கள்தான் பெரும்பான்மை: இணையதளம், அதன் பின்னால் இருக்கும் சர்வர் நிரல், தரவுத்தளம், ஏபிஐ, தானியங்கிக் கருவிகள் எழுதுபவர்கள். பைத்தானோ, ஜாவாவோ, கோவோ, நோடோ, எந்த மொழியில் எழுதினாலும் அவர்களுடைய நிரல் பெரும்பாலும் ஒரு லினக்ஸ் சர்வரில்தான் போய் நிற்கும். எழுதும் இடமும் ஓடும் இடமும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். "இப்போதெல்லாம் எல்லா இயங்குதளமும் ஒன்றுதான்" என்று சொல்லிக் கடந்துவிடுபவர்கள் நிறைய.

கோப்புப் பெயர்களை எடுத்துக்கொள்வோம். லினக்ஸில் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரும் சிறிய எழுத்தில் தொடங்கும் பெயரும் இரண்டு வெவ்வேறு கோப்புகள். விண்டோஸிலும் மேக்ஓஎஸ்ஸிலும், நாமாக மாற்றியமைக்காதவரை, அவை ஒன்றே. ஒரு கோப்பைப் பெரிய எழுத்தில் சேமித்துவிட்டு, நிரலுக்குள் அதைச் சிறிய எழுத்தில் அழைத்தால் மேக்கில் எந்தச் சிக்கலும் தெரியாது. சர்வருக்குப் போனதும் "அப்படி ஒரு கோப்பே இல்லை" என்று நிற்கும். சரி, பெயரை மாற்றிவிடலாம் என்று எழுத்தை மட்டும் மாற்றினால், நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கருவியான கிட் அந்த மாற்றத்தைக் கவனிக்காமல் விட்டுவிடும். எழுத்து வேறுபாட்டைப் பார்க்காத கோப்பமைப்பில் கிட் அப்படித்தான் அமைக்கப்படுகிறது. கிட்டின் பெயர்மாற்றக் கட்டளையைக் கொண்டே மாற்ற வேண்டும். தெரிந்தவருக்கு இது ஒரு நிமிட வேலை. தெரியாத புதியவர் தன் தர்க்கத்தில்தான் எங்கோ பிழை என்று நினைத்து நிரல் முழுவதையும் புரட்டிக்கொண்டிருப்பார்.

வரி முடிவுகளும் அப்படித்தான். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு குறியீடுகளை வைக்கும், லினக்ஸ் ஒன்றைத்தான் வைக்கும். விண்டோஸில் சேமித்த ஒரு ஷெல் ஸ்கிரிப்டை, அதாவது ஷெல் என்ற நிரல் வரிசையாக நிறைவேற்ற வேண்டிய கட்டளைகள் கொண்ட கோப்பை, ஒரு கண்டெய்னருக்குள் (நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் சேர்த்து அடைத்த லினக்ஸ் பெட்டிக்குள்) அனுப்பினால், கோப்பு கண்ணெதிரே இருக்கும்போதே "கோப்பு காணவில்லை" என்று பிழை வரும். முதல் வரியில் இருக்கும் ஷெல்லின் பெயரோடு கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூடுதல் குறியீடும் ஒட்டிக்கொள்வதால், லினக்ஸ் அந்த நீண்ட பெயரில் ஒரு ஷெல்லைத் தேடுகிறது. அது எங்கும் இல்லை. காணாமல் போனது ஷெல், ஆனால் பிழைச் செய்தி ஸ்கிரிப்டையே காட்டும். கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பில் ஒரு வரி எழுதிவைத்தால் இது திரும்ப வராது. குழுவில் ஒருவர் விண்டோஸ் பயன்படுத்தினாலும் முதல் நாளே அந்த வரியை எழுதிவிடுங்கள்.

மேக் யூனிக்ஸ் வழிவந்ததுதானே என்பார்கள். வழிவந்ததுதான், ஆனால் லினக்ஸின் பங்காளி, லினக்ஸே அல்ல. அதிலிருக்கும் பாஷ் என்ற ஷெல், 3.2 என்ற பழைய பதிப்பு. அதற்குப் பின் வந்த பதிப்புகள் ஜிபிஎல் 3 உரிமத்துக்கு மாறியதால் ஆப்பிள் அங்கேயே நின்றுவிட்டது. 2019இல் வந்த கேட்டலினாவிலிருந்து இஸட்ஷெல்லை முதன்மை ஷெல்லாக ஆக்கியது. ஆகவே பாஷ் 4இல் வந்த வசதிகளைப் பயன்படுத்தும் ஸ்கிரிப்ட் மேக்கில் உடையும். செட் (sed) கட்டளையைக் கொண்டு கோப்பை அங்கேயே திருத்தும் வரியும் இரண்டிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. இவை எல்லாவற்றுக்கும் மாற்றுவழி உண்டு, தேவையான கருவிகளை நாமே நிறுவிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு மாற்றுவழியையும் யாரோ ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கண்டெய்னர்கள் வந்தபின் இந்த வேறுபாடுகள் போய்விட்டன என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஓரளவுக்கு உண்மை. ஆனால் லினக்ஸ் கண்டெய்னர் என்பது லினக்ஸ் கர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதியின்) வசதிகளைக் கொண்டு தனிமைப்படுத்தப்பட்ட ஒரு செயல்முறை. கர்னல் இல்லாமல் அது இல்லை. எனவே மேக்கிலும் விண்டோஸிலும், கண்டெய்னர்களை ஓட்டும் கருவியான டாக்கர் பின்னணியில் ஒரு லினக்ஸ் மெய்நிகர் இயந்திரத்தை ஓட்டுகிறது. அதற்குத் தனியாக ரேம் ஒதுக்க வேண்டும். கோப்புகள் இரு பக்கமும் போய்வர வேண்டும். ஆயிரக்கணக்கான சின்னச்சின்னக் கோப்புகள் கொண்ட நோட் திட்டங்களில் அந்தப் போக்குவரத்துத் தாமதம் நன்றாகவே தெரியும். லினக்ஸ் லேப்டாப்பில் அந்த இடைச்சுவர் இல்லை. கண்டெய்னர் சாதாரண நிரலைப் போலவே உடனே எழும்.

விண்டோஸ்தான் வேண்டும், அல்லது அலுவலகம் அதைத்தான் தருகிறது என்றால், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2016இல் கொண்டுவந்த முதல் வடிவம் லினக்ஸ் அழைப்புகளை விண்டோஸ் அழைப்புகளாக மொழிபெயர்த்தது. 2019இல் அறிவித்த இரண்டாம் வடிவத்தில் உண்மையான லினக்ஸ் கர்னலே உள்ளே ஓடுகிறது. நான் மனமாரப் பாராட்டும் வேலை இது. விண்டோஸை விட முடியாத லட்சக்கணக்கானவர்களுக்கு லினக்ஸைப் பழகும் வாசல் திறந்திருக்கிறது. ஆனால் அதை மெதுவானது என்று ஒதுக்குபவர்களில் பலர் ஒரே காரியத்தைச் செய்திருப்பார்கள்: திட்டக் கோப்புகளை விண்டோஸின் சி டிரைவில் வைத்துவிட்டு, லினக்ஸ் பக்கத்திலிருந்து திறப்பார்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு கோப்பும் எல்லை தாண்டி வர வேண்டும். கிட் நிலையைக் காட்டவே நேரமெடுக்கும். கோப்பு மாறியதும் தானாக மறுதொடக்கம் ஆக வேண்டிய சர்வரும் மாற்றத்தை உணராது. லினக்ஸ் பக்கத்து ஹோம் கோப்புறையில் வைத்தால் இரண்டு தொல்லையும் தீரும். இன்னொன்று, கணினியின் ரேமில் பாதி வரைக்கும் டபிள்யூஎஸ்எல் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் இயல்பான அமைப்பு. 8 ஜிபி லேப்டாப்பில் லினக்ஸுக்கு 4 ஜிபிதான் கிடைக்கும். தரவுத்தளத்தையும் ஒன்றிரண்டு கண்டெய்னர்களையும் ஏற்றினால் அது போதாது.

ஒரே லேப்டாப்பில் விண்டோஸையும் லினக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா என்றால், வைத்துக்கொள்ளலாம். டிஸ்கைப் பிரிப்பதற்கு முன் டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை வேறோர் இடத்தில் சேமித்துவிடுங்கள். அது கையில் இல்லாமல் போனால் உங்கள் கோப்புகளே உங்களுக்குத் திறக்காது. இரண்டுக்கும் இடையில் மாறும்போது கடிகாரம் மணிக்கணக்கில் தவறாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்வதால் வருவது அது. லினக்ஸில் ஒரு கட்டளையால் சரிசெய்யலாம்.

மேக்கைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். 2020 நவம்பரில் வந்த எம்1 சிப் லேப்டாப் உலகத்தையே மாற்றியது. மின்விசிறியே இல்லாத மேக்புக் ஏர், அதிகம் சூடாகாமல், பேட்டரி சீக்கிரம் கரையாமல், கனமான திட்டங்களைக் கம்பைல் செய்தது. மூடியைத் திறந்தால் உடனே விழித்துக்கொள்ளும், மூடினால் உறங்கும். தினமும் இடம் மாறி இடம் மாறி வேலை செய்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் அது ஆர்ம் என்ற ப்ராசஸர் கட்டமைப்பு என்பதை மறக்கக் கூடாது. உங்கள் சர்வர் இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களின் எக்ஸ்86 கட்டமைப்பு என்றால், மேக்கில் கட்டிய கண்டெய்னர் படிமம் அங்கே ஓடாது. எந்தக் கட்டமைப்புக்கு என்று குறிப்பிட்டுக் கட்ட வேண்டும். அந்தக் கட்டுமானம் மேக்கில் மெதுவாகவே நடக்கும். பயன்படுத்திய மேக் வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். மேக்ஓஎஸ் 26தான் இன்டெல் மேக்குகளை ஆதரிக்கும் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் 2025இல் அறிவித்துவிட்டது, ஆகவே இன்டெல் மேக் இப்போது வாங்கத் தகுந்ததல்ல. 2024 அக்டோபர் வரை மேக்புக் ஏரின் அடிப்படை மாடல் 8 ஜிபி ரேமோடுதான் விற்கப்பட்டது. பழையது கிடைத்தால் ரேம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். அதைப் பின்னால் கூட்டவே முடியாது.

லினக்ஸில் எந்த வெளியீடு என்பதற்கு நீண்ட விவாதம் தேவையில்லை. புதியவர் உபுண்டுவின் நீண்ட ஆதரவுப் பதிப்பை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும், ஐந்து ஆண்டு ஆதரவு உண்டு, சர்வர்களிலும் அதைப் பரவலாகக் காணலாம். மிகப் புதிய லேப்டாப் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஃபெடோரா பொருத்தம், புதிய வன்பொருளுக்கான கர்னல் அதில் சீக்கிரம் கிடைக்கும். ஓயாமல் புதுப்பிப்புகள் வரும் ஆர்ச் கற்றுக்கொள்ள அருமையானது. ஆனால் நாளை காலை ஒப்படைக்க வேண்டிய வேலை இருக்கும்போது இன்றிரவு அதைப் புதுப்பிக்காதீர்கள்.

இனி லேப்டாப். இங்கே என் விதி ஒன்றுதான்: பின்னால் மாற்ற முடியாததற்கு முதலில் செலவழியுங்கள். கட்டிய வீட்டில் கதவை மாற்றலாம், அடித்தளத்தை மாற்ற முடியுமா? மெல்லிய லேப்டாப்புகளில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. திரையும் கீபோர்டும் வாங்கியபடியே கடைசி வரை இருக்கும். எஸ்எஸ்டியை மட்டும் பெரும்பாலான விண்டோஸ், லினக்ஸ் லேப்டாப்புகளில் கழற்றி மாற்றலாம். ஆகவே கைக்காசு குறைவாக இருந்தால் 512 ஜிபி எஸ்எஸ்டியோடு நிறுத்திக்கொண்டு, மீதியை ரேமில் போடுங்கள்.

ரேம் எவ்வளவு? 16 ஜிபிக்குக் கீழே புதிதாக எதையும் வாங்காதீர்கள். கண்டெய்னர்கள், ஆண்ட்ராய்டு எமுலேட்டர், பெரிய ஜாவா திட்டங்கள் என்றால் 32. காரணத்தை விளக்கினால் இந்த எண்கள் வெறும் ஆலோசனையாகத் தெரியாது. எடிட்டர் சிறியதுதான். ஆனால் அதன் பின்னால் ஓடி, நிரலை ஆராய்ந்து பிழைகளைக் காட்டும் லாங்குவேஜ் சர்வர் உங்கள் திட்டம் முழுவதையும் நினைவகத்தில் விரித்து வைத்துக்கொள்கிறது. பிரவுசரில் ஆவணப் பக்கங்கள், ஒரு தரவுத்தளம், ஓடிக்கொண்டிருக்கும் நிரல், அதன் டெஸ்ட்கள் எல்லாம் அதன் மேல் சேரும். ரேம் நிறைந்ததும் இயங்குதளம் எஸ்எஸ்டியைத் துணைக்கு அழைக்கும். எஸ்எஸ்டி எவ்வளவு வேகமானாலும் ரேமுக்கு ஈடாகாது. அங்கேதான் சுட்டி திக்கித்திக்கி நகரும், எழுத்து தாமதமாக விழும். சி++ எழுதுபவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. டெம்ப்ளேட்கள் நிறைந்த ஒரு கோப்பைக் கம்பைல் செய்யவே 1 ஜிபிக்கு மேல் பிடிக்கலாம். 16 திரெட் கொண்ட ப்ராசஸரில் ஒரே நேரத்தில் 16 கோப்புகளைக் கம்பைல் செய்யச் சொன்னால் 16 ஜிபி ரேம் அந்த வேலைக்கே போய்விடும். கோர்கள் கூடக்கூட ரேமும் கூடியாக வேண்டும். கோர்களுக்கு ஏற்ற ரேம் இல்லாத லேப்டாப்பில் அந்தக் கோர்களை முழுதாக வேலை வாங்கவே முடியாது.

ப்ராசஸரின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே ப்ராசஸர் இரண்டு லேப்டாப்புகளில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். உச்ச வேகம் என்று பெட்டியில் போட்டிருப்பது சில நொடிகளுக்கான வேகம். அதன்பின் சூடு ஏறும், லேப்டாப்பின் குளிரூட்டல் தாங்கும் அளவுக்கு வேகம் இறங்கிவிடும். கம்பைல் செய்வதும் டெஸ்ட்களை ஓட்டுவதும் நிமிடக்கணக்கில் நீளும் வேலைகள். ஆகவே மதிப்பாய்வுகளில் முதல் ஓட்டத்தின் எண்ணை விட்டுவிட்டு, தொடர்ந்து ஓட்டியபின் என்ன வேகம் நிலைக்கிறது என்று தேடிப் பாருங்கள். மின்விசிறியின் சத்தத்தையும் அங்கேதான் அளந்து சொல்லியிருப்பார்கள்.

கேமிங் லேப்டாப் பக்கம் பலர் சாய்வதைப் பார்க்கிறேன். கிராஃபிக்ஸ் கார்டை உண்மையிலேயே பயன்படுத்தும் வேலை இருந்தால் வாங்குங்கள். இணையதளமும் சர்வர் நிரலும் எழுதுபவருக்கு அந்தக் கார்டு எடையையும் சூட்டையும் கூட்டி, பேட்டரியைக் குறைக்கும், அவ்வளவுதான். லினக்ஸில் இரண்டு கிராஃபிக்ஸ் அமைப்புகளுக்கிடையே மாறுவது முன்பைவிட மேம்பட்டிருந்தாலும் இன்னமும் கூடுதல் வேலை வைக்கும்.

திரையைப் பற்றி ஒரு கருத்து எனக்கு அழுத்தமாக உண்டு: உயரம் முக்கியம். நிரல் மேலிருந்து கீழாக வளர்வது. 1920×1080 திரைக்குப் பதில் 1920×1200 திரை எடுத்தால் ஆறேழு வரிகள் கூடுதலாகத் தெரியும். ஒரு ஃபங்ஷன் உருட்டாமல் முழுதாகக் கண்ணில் படுவதற்கும் படாததற்கும் இடையிலான வித்தியாசம் பல நேரம் அவ்வளவுதான். லினக்ஸுக்கு என்றால் இன்னொன்றையும் பாருங்கள். எழுத்துகளைச் சரியாக இரண்டு மடங்கு பெரிதாக்கினால் வசதியாக இருக்கும் திரை, அல்லது பெரிதாக்கவே தேவைப்படாத திரை நல்லது. 125, 150 சதவீதம் என்று இடைப்பட்ட அளவில் வைத்தால் பழைய செயலிகளில் எழுத்து மங்கலாகத் தெரியக்கூடும். நாள் முழுக்க எழுத்தைப் பார்க்கும் தொழிலில் கண்ணுக்கு அது தண்டனை.

கீபோர்டைத் தட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். எஸ்கேப், கண்ட்ரோல், அம்புக்குறி விசைகள், ஹோம், எண்ட் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பவர் பொத்தானை டெலீட் விசைக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் மாடல்களும் உண்டு.

புதிது வாங்க வசதியில்லாத மாணவர்களுக்காக இதைத் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது; இன்டெல்லில் பெரும்பாலும் 8ஆம் தலைமுறைக்குக் கீழே ஏற்பதில்லை. அதனால் உடலில் ஒரு குறையும் இல்லாத லேப்டாப்புகள் ஏராளமாக ஓய்வு கொடுக்கப்பட்டு வருகின்றன. அலுவலகப் பயன்பாட்டுக்கென்று செய்யப்பட்ட திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகை லேப்டாப்புகளில் பழைய மாடல்கள் பலவற்றில் ரேமைக் கூட்டலாம், பேட்டரியை மாற்றலாம், கீபோர்டு தரமாக இருக்கும், லினக்ஸும் நன்றாக ஒத்துப்போகும். 16 ஜிபி ரேமும் புது எஸ்எஸ்டியும் போட்டு லினக்ஸை ஏற்றினால், பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், சி, தரவுத்தளம், கிட் எல்லாவற்றையும் கற்று முதல் வேலையில் சேரும் வரைக்கும் அது தாங்கும். விலை உயர்ந்த கணினி இல்லாததால் இந்தத் துறை நமக்கில்லை என்று ஒருவர் ஒதுங்கிப்போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. லினக்ஸ் கர்னலே 1991இல் ஒரு மாணவர் தன் வீட்டுக் கணினியில் தொடங்கியதுதான்.

எதை வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். லினக்ஸ் போடப்போகிறவர் நிறுவுவதற்கு முன்பே ஒரு யூஎஸ்பியில் ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்கிப் பார்க்கலாம். டிஸ்கில் எதுவும் மாறாது. வைஃபை கிடைக்கிறதா, ஸ்பீக்கரிலும் மைக்கிலும் ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, வெளித்திரையை இணைத்தால் ஒளிர்கிறதா, திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள். வைஃபை சிப் இன்டெல்லுடையது என்றால் பெரும்பாலும் தொல்லை இருக்காது. பிராட்காம் என்றால் டிரைவரைத் தனியாகத் தேட வேண்டிவரலாம். பிறகு உங்கள் உண்மையான திட்டத்தையே இறக்கிக் கட்டுங்கள். டெஸ்ட்களைத் திரும்பத் திரும்ப ஓட்டி, பத்து நிமிடம் கழித்தும் அதே வேகம் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

உறக்கத்தைக் கடைசியாகச் சோதியுங்கள், அதற்கு ஓர் இரவு தேவை. சமீபத்திய பல லேப்டாப்புகளில் எல்லாவற்றையும் நிறுத்தி ரேமுக்கு மட்டும் மின்சாரம் கொடுக்கும் பழைய எஸ்3 உறக்கம் இல்லை. அதற்குப் பதிலாக வந்த முறையில் கணினி அரைத்தூக்கத்தில்தான் இருக்கும். ஏதாவது ஒரு டிரைவர் ஒத்துழைக்கவில்லை என்றால் பைக்குள்ளேயே சூடாகிப் பேட்டரியைத் தீர்த்துவிடும். விண்டோஸிலும் இது நடக்கும், லினக்ஸிலும் நடக்கும். இரவு பேட்டரி அளவைக் குறித்துக்கொண்டு, சார்ஜரைக் கழற்றிவிட்டு, மூடியை மூடுங்கள். காலையில் ஐந்தாறு சதவீதம் குறைந்திருந்தால் பரவாயில்லை. முப்பது நாற்பது போயிருந்தால் முதலில் கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்து அடுத்த இரவும் பாருங்கள். அப்போதும் மாறவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு மாடல் பாருங்கள்.